கோட்டுப் பையில் இரண்டு பெடல்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் செல்லையா என்றார். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மளிகை மண்டியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, சைக்கிளப் பிரிச்சி பிளேன்ல கொண்டுபோன ஆளு நீங்கதானாமே?"

"ஒரே ஒரு தடவைதான்" என்றேன்.

"எனக்கும் ஒரு தடவ போதும். திரும்பி வரப் போறதில்லல்லா."

குடியுரிமைக்கு அவர் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. தங்குவதற்கான அனுமதியும் இந்த மாதத்தோடு முடிகிறது. இத்தனை வருடம் உழைத்த மனிதரைக் கப்பல் தளத்தில் உட்காரவைத்து அனுப்ப மனமில்லாமல், மண்டி முதலாளி விமானத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தீவில் செல்லையாவுக்குச் சொந்தம் என்று இருப்பது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறார்.

கொழும்பில் இப்படி என்னைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். நான் இரத்மலானை விமான நிலையத்தில் பண்டகசாலை எழுத்தர். எந்தப் பெட்டி எந்தக் கதவில் நுழையும், எது வழியில் உடையும், எதைச் சுமையாட்கள் தூக்கி வீசுவார்கள் என்று நாள் முழுவதும் பார்க்கிற வேலை. ராயபுரத்திலிருந்து இங்கே வந்து பிள்ளை குட்டிகளோடு கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறேன்.

கருவிகள் வைத்திருக்கும் கித்தான் சுருளைத் தரையில் விரித்தேன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பை தைத்து வைத்திருக்கிறேன். ஒரு பை மட்டும் காலி. என் மகள் ஸ்டெல்லா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் சிங்களம், எதையாவது கேட்டு வாங்க வேண்டியிருந்தால் தமிழ் என்று வளர்ந்திருக்கிற பெண்.

"டாடி, அந்தப் பையில ஏன் ஒண்டும் இல்ல?"

"அது எண்ணூரில் இருக்கிறது" என்றேன்.

எண்ணூர் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள். கேட்டவர் செல்லையாதான். அவருக்குச் சொன்னதைத்தான் அங்கே சென்னையில் இருக்கிற உங்களுக்கும் எழுதுகிறேன். சைக்கிளைப் பிரித்துக் கொண்டுவர வேண்டியவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் லாசர் அண்ணன், ராயபுரம் கடற்கரையில் கட்டுமரத்தில் போகிறவர். நடுவில் நான். கடைசி ரெஜினா.

ரெஜினாவின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் அண்ணி கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். ரெஜினா சும்மா உட்காரவில்லை. மருத்துவச்சிப் பயிற்சிக்குப் போனாள், தேறினாள். திருவொற்றியூர் சுகாதார நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரக் குப்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவச்சி. சவுக்குத் தோப்பு, உப்பளம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும், பஸ் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். அதனால் சொந்தச் சைக்கிளும் அதை ஓட்டத் தெரிவதும் கட்டாயம் என்று அங்கிருந்த லேடி டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு பெண்ணும் விண்ணப்பித்திருந்தாள். அவளிடம் சைக்கிள் இருந்தது.

ரெஜினா ஓட்டக் கற்றுக்கொண்டாள். வாடகைச் சைக்கிளை ரயில் பாதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டே ஓட, விழுந்து எழுந்து கற்றாள். ஆனால் புடவை கட்டிக்கொண்டு ஓட்டக்கூடிய, நடுக்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள் சென்னையில் அப்போது கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றுபோயிருந்த சமயம். கடைக்காரர்கள் பெயரை எழுதிக்கொண்டு, வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். டாக்டர் கொடுத்த தவணை ஒரு திங்கட்கிழமை.

இங்கே கொழும்பில் அந்தச் சிரமம் இல்லை. நாடு திரும்பவிருந்த ஓர் ஆங்கிலேய நர்சிடம் நல்ல சைக்கிள் ஒன்று இருந்தது. சங்கிலிக்கு முழு மூடி, பின்னால் உறுதியான கேரியர், கம்பி பிரேக். வாங்கினேன். ஊழியர்களுக்கு எப்போதாவது கொடுக்கும் இலவச விமானச் சீட்டுக்கு எழுதிப் போட்டேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்தது. கப்பலும் ரயிலுமாகப் போனால் சைக்கிளை வழியில் எத்தனை கைகள் தொடும் என்று எனக்குத் தெரியும். விமானத்திலேயே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

3

பிரிப்பதில் எனக்கு ஒரே ஒரு விதி. கழற்றிய நட்டை, கழற்றிய உடனே, அது இருந்த போல்ட்டிலேயே திருப்பி மாட்டிவிட வேண்டும். தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பதைப் போன்ற முட்டாள்தனம் கிடையாது.

முதலில் பெடல்கள். வலது பெடல் எல்லாத் திருகையும் போலக் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. அது தெரியாமல் பலம்கொண்ட மட்டும் திருப்பி மரையைத் தின்றுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஹாண்டில்பார். நடு போல்ட்டைத் தளர்த்தி, மேலே ஒரு மரத்துண்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். இரும்பின் மேல் இரும்பு படக் கூடாது. சக்கரங்களைக் கழற்றியதும் முன் கவட்டை வாய் பிளந்து நிற்கும். மேலே ஒரு மூட்டை விழுந்தால் நசுங்கிவிடும். சக்கரத்தின் அச்சு எவ்வளவு அகலமோ அதே அளவுக்கு ஒரு மரக்கட்டை அறுத்து அந்த வாயில் செருகிக் கட்டினேன். டயர்களில் காற்றை இறக்கினேன், முழுவதும் அல்ல. முழுவதும் இறக்கினால் விளிம்பு வளையும். இறக்காவிட்டால் மேலே போனதும் டியூப் வெடிக்கும்.

சங்கிலியைக் கோர்த்திருக்கும் சின்னக் கவ்வி ஒன்று உண்டு. சுண்டுவிரல் நகத்தளவு கூட இருக்காது. அதைக் கழற்றி, சங்கிலியிலேயே ஒரு நூலால் கட்டினேன். அச்சு முனைகளிலும் சங்கிலியிலும் கிரீஸ் தாராளமாகப் பூசி, துணி சுற்றி, சட்டத்தோடு சேர்த்துச் சாக்கில் தைத்தேன்.

எடை போட்டபோது இலவச அளவைவிடக் கொஞ்சம் தூக்கியது. ஊழியர் சீட்டில் கூடுதல் எடைக்கு இடமே இல்லை. பெட்டியை விட்டுவிட்டேன். மாற்றுடை ஒன்றைச் சட்டத்தின் மேல் சுற்றினேன். அப்போதும் முள் இறங்கவில்லை. பெடல்கள் இரண்டையும் உருவி என் கோட்டுப் பைகளில் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டேன். மணியைக் கால்சட்டைப் பையில் போட்டேன். முள் இறங்கியது.

"என்ன இது, கழுதை மாதிரி ரெண்டு பக்கமும் தொங்குது" என்றாள் என் மனைவி.

4

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி சாக்கைப் பிரிக்கச் சொன்னார். இளைஞர், நல்ல மனிதர், ஆனால் விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இது என்ன?"

"சைக்கிள்."

"எங்கே சைக்கிள்? உதிரி பாகமா இல்ல இருக்கு. உதிரி பாகத்துக்கு வேற தீர்வை."

"பிரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். சேர்த்தால் சைக்கிள்."

"சேர்த்து இருந்தா சைக்கிள்னு எழுதுவேன். பிரிச்சு இருக்கே, நான் எப்படி எழுதறது?" என்றவர், சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "அதோட இது லேடீஸ் சைக்கிள். நீங்க ஆம்பளை. சொந்த உபயோகம்னு சொன்னா யார் நம்புவா?"

தங்கைக்கு என்றேன். அவள் மருத்துவச்சி, திங்கட்கிழமை வேலையில் சேர இது வேண்டும் என்றேன். ஒவ்வொரு நட்டும் அதனதன் போல்ட்டில் இருப்பதைக் காட்டினேன். தேய்ந்த டயரைக் காட்டினேன். உபரியாக ஒரு திருகு கூட இல்லை என்பதைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"எல்லாம் சரி. பெடல் எங்கே?"

கோட்டுப் பைகளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். இந்த இளைஞரும் சிரித்துவிட்டார்.

"பழைய சைக்கிள், ஒன்று" என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினார்.

மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன், அங்கிருந்து குதிரை வண்டியில் வீடு. அண்ணனும் அவர் கட்டுமரத்தில் கூடப் போகும் இரண்டு பேரும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

"இன்னாடா தம்பி, இந்த வெய்யில்ல கோட்டு? கண்ணாலமா ஒனக்கு?" என்றார் அண்ணன்.

"ஓம், ஓம், கெதியா உள்ளே எடுங்கோ" என்றேன். ஆமாம், சீக்கிரம் என்பதை இங்கே இப்படிப் பேசிப் பழகிய நாக்கு.

"ஓமாம்டா! நம்ம பையன் மந்திரம் ஓதிகினு வந்துகீறான். கோயிலாண்ட இட்டுகினு போங்கடா இவன" என்றார் கூட இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா மட்டும் சாக்கு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, சாக்கின் மேலேயே கையை வைத்து, உள்ளே சக்கரத்தின் வளைவைத் தடவினாள்.

"அண்ணாத்தே, நாளைக்கே ஓட்டலாமா?"

"நாளைக்கு மத்தியானம் பூட்டுகிறேன். காலையில் திரும்பிப் போகிற அனுமதிக்கு முத்திரை வாங்க வேண்டும்."

கோட்டை ஆணியில் மாட்டினேன். அக்குளில் இடுக்கிக் கொண்டுவந்த கித்தான் சுருளை அதன் கீழே வைத்தேன். பெடல்களை எடுக்க மறந்துவிட்டேன். அதுவே நல்லதாகப் போயிற்று.

5

சனிக்கிழமை காலை முழுவதும் அந்த அனுமதி அலுவலகத்தின் பெஞ்சில் கழிந்தது. எங்கே பிறந்தாய் என்றார்கள். ராயபுரம் என்றேன். எங்கே வசிக்கிறாய் என்றார்கள். கொழும்பு என்றேன். அப்படியானால் எங்கே திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் பாதிதான் சரியாக இருந்திருக்கும். கொழும்பு என்று சொல்லி முத்திரை வாங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பினால் சாக்கு காலியாகக் கொடியில் தொங்கியது. பின்பக்கம், கடலைப் பார்த்த மணலில், என் சைக்கிள் காய்ந்துகொண்டிருந்தது.

கட்டுமரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்லையாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே கொழும்பில் நான் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மீன்பிடிப் படகுகளைப் பார்க்கிறேன். பக்கத்தில் மிதவைக் கட்டை வைத்த ஒடுக்கமான படகு. கரையில் அப்படியே இழுத்து வைத்துவிடுகிறார்கள். நம் ஆட்கள் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். காயாத மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். மறுபடி கடலுக்குப் போகும்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். லாசர் அண்ணன் வாழ்நாளெல்லாம் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவர்.

அவர் எல்லாவற்றையும் வரிசையாகத்தான் வைத்திருந்தார். சட்டம், முன் சக்கரம், பின் சக்கரம், ஹாண்டில்பார், சங்கிலி. ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் பளபளவென்று இருந்தன. துளி கிரீஸ் இல்லை.

"பாத்தியாடா, கண்ணாடி மாதிரி மின்னுது!" என்றார். "இன்னாடா அப்டி கலீஜா கட்டியாந்துகீறே? கறுப்பா பிசுபிசுன்னு. கடல் தாண்டி வந்த சாமானு, உப்பு பூந்துடும்னு அவுத்துப் போட்டேன். அந்தக் கறுப்பு தண்ணில போவல. அப்பால மணலு போட்டு தேய்ச்சேன். அப்பதான் வுட்டுச்சு."

"எந்தத் தண்ணீர்?"

"இன்னா கேக்கற? கடலாண்ட குந்திகினு கொழா தண்ணிக்கா போவேன்?"

முன் சக்கரத்தை எடுத்து, அச்சின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டேன். காப்பிக்கொட்டை அரைப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பின் சக்கரமும் அப்படியே. உப்பும் மணலும் உள்ளே அச்சைச் சுற்றியிருக்கும் எஃகுக் குண்டுகள் வரைக்கும் போயிருந்தன. சங்கிலியைத் தூக்கினேன். மணல் உதிர்ந்தது. நூல் அறுந்திருந்தது, கவ்வி இல்லை.

அந்தச் சத்தத்தை அண்ணனும் கேட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "பேஜாராயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சோற்றுக்குக் கூப்பிட்டபோது வரவில்லை.

நான் டோல்கேட்டுக்கு ஓடினேன். அங்கேதான் தெரிந்த பெரிய சைக்கிள் கடை. பூட்டியிருந்தது. கடைக்காரர் மாதவரத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை ராத்திரிதான் வருவார் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். எதிரே இருந்த சின்னக் கடையில் வாடகைக்கு விடுவதும் பஞ்சர் ஒட்டுவதும்தான். அந்தக் கடைப் பையன் சொன்னான், "வெச்சுட்டு போ சார், செவ்வாக்கெயமைக்குள்ள பாக்கறேன்." செவ்வாய்க்கிழமை அந்த வேலை அந்த இன்னொரு பெண்ணுக்குப் போயிருக்கும்.

திரும்பி நடந்து வரும்போது ஒன்றை மட்டும் நிச்சயித்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை அந்தச் சக்கரம் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். குண்டுகளைத் திறக்கிற மெல்லிசு ஸ்பேனர் என் கித்தான் சுருளில் இருக்கிறது. அந்தச் சுருளை அண்ணன் தொடவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்வந்து உட்கார்ந்தோம். குண்டு உருண்டால் தேடிப் பிடிக்க முடியாது. தரை முழுவதும் மணல். ரெஜினா அண்ணனின் பாயைக் கொண்டுவந்து விரித்தாள். மரத்தில் கட்டுகிற பாய், காற்று பிடிக்கிற துணி. அதன் விளிம்பைச் சுற்றிலும் உள்ளே மடித்துவிட்டு, நடுவில் சக்கரத்தை வைத்துத் திறந்தேன்.

குண்டுகளுக்குப் பதில் சேறு வந்தது. கிருஷ்ணாயிலில் கழுவினேன். மணல் போயிற்று. ஆனால் உலர்ந்ததும் குண்டுகளின் மேல் வெள்ளையாகப் பூத்தது. உப்பு. இன்னும் ஒரு தடவை கழுவினேன். மறுபடியும் பூத்தது. கிருஷ்ணாயிலில் உப்பு கரையாது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் காய்வதற்குள் துருப்பிடிக்கும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விமான நிலையத்தில் உப்பில் தோய்ந்த குண்டுகளை யாரும் திருப்பிப் பூட்டுவதில்லை. எறிந்துவிட்டுப் புதிது எடுப்பார்கள்.

ரெஜினா குந்திக்கொண்டு பார்த்திருந்தாள்.

"கொதிக்கவெச்சா இன்னா?"

"என்னது?"

"கத்தரிக்கோல நாங்க அப்டிதானே செய்றோம். சோடா உப்பு போட்டு, தளதளன்னு கொதிக்கவுட்டு எடுத்தா, சூட்டுலயே தண்ணி காஞ்சிடும். தொடைக்கக்கூட வாணாம். துரு எங்கேந்து வரும்?"

"இது கத்தரிக்கோல் இல்லை, ரெஜினா."

"இரும்பு தானே அண்ணாத்தே? அத்த வேவவெச்சு சாப்டவா போறோம்?"

யோசித்துப் பார்த்தேன். தவறு என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவள் தன் பையிலிருந்த சட்டியை எடுத்தாள். அடுப்பில் வைத்தாள். குண்டுகளை ஒரு துணியில் முடிந்து போட்டாள். அச்சுகளைப் போட்டாள். சங்கிலியைச் சுருட்டிப் போட்டாள். அண்ணியின் வீட்டில் அன்றைக்கு மீன் குழம்பு தாமதமாயிற்று.

"ஞாயித்துக்கெயம ஆட்டுக்கால் சூப்பு மாதிரி வெச்சிகினு குந்திகீறாங்க அண்ணனும் தங்கச்சியும்" என்றாள் அண்ணி. "உப்பு காரம் பாத்தியாடி?"

"உப்பு எறங்கத்தான் அண்ணி வெச்சிகீறோம்!"

வெளியே எட்டிப் பார்த்தேன். அண்ணன் மணலில் முட்டிபோட்டிருந்தார். இறால் பிடிக்கிற நெருக்கு வலையைக் கையில் வைத்துக்கொண்டு, சங்கிலி காய்ந்த இடத்து மணலை அள்ளி அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கவ்வி எப்படி இருக்கும் என்று மட்டும் அண்ணியிடம் கேட்டு அனுப்பினார். என் நகத்தைக் காட்டி அனுப்பினேன்.

முதல் முடிச்சைச் சட்டியிலிருந்து எடுத்து விரித்தோம். ஆவி பறந்து, கண்முன்னே உலர்ந்தது. காத்திருந்தேன். வெள்ளை பூக்கவில்லை. ஒவ்வொரு குண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிரண்டில் கீறல் இருந்தது, பள்ளம் இல்லை. போதும்.

அடுத்தது கிரீஸ். துளிகூட இல்லை. அப்போது வாசலில் நிழல் விழுந்தது. லாசர் அண்ணன். ஒரு கையில் கவ்வி, இன்னொரு கையில் ஒரு தகர டின்.

"இதானா பாரு."

அதேதான். வாங்கிக்கொண்டேன். "டின்னில் என்ன?"

"சுறா எண்ணெ. தோணிக்குப் பூசுறது. உப்புத்தண்ணி ஒண்ணும் பண்ணாது. ஆனா..." என்று இழுத்தார். "நாத்தம் அடிக்கும். வாணாம்னா சொல்லிடு. அப்பால என்னிய திட்டாதே."

சுறா எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சில நாளைக்கு நன்றாக ஓடும். திங்கட்கிழமைக்கு அது போதும்.

"கொடுங்கள்" என்றேன். "உட்காருங்கள். இந்த முனையைப் பிடியுங்கள், ஆடக் கூடாது."

அண்ணன் அச்சைப் பிடித்துக்கொண்டார். ரெஜினா குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சக்கரத்தின் நடுக் கிண்ணத்தில் அடுக்கினாள். நான் மூடியைத் திருகினேன். இறுக்கினால் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். மெல்லிசு ஸ்பேனரைக் கடுகளவு திருப்பி, சுற்றிப் பார்த்து, மறுபடி கடுகளவு. கடைசியில் சக்கரத்தை அண்ணனின் கையில் கொடுத்து, சுற்றிவிடுங்கள் என்றேன்.

சுற்றினார். ஒரு சத்தமும் இல்லை. சக்கரம் தானாக நிற்கும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சோறு போடு" என்றார் அண்ணன், உள்ளே பார்த்து.

மத்தியானத்துக்குமேல் மீதியைச் சேர்த்தேன். கவ்வியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் கழன்றுவிடும். பெடலைத் தேடினோம். ரெஜினாதான் ஆணியில் தொங்கிய கோட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இரண்டும் பைகளுக்குள், கொழும்பில் நான் பூசிய கிரீஸோடு, ஒரு மணல் படாமல் இருந்தன.

7

திங்கட்கிழமை காலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ரெஜினா முன்னால் போக, நான் வாடகைச் சைக்கிளில் பின்னால் போனேன். லாரிகளும் மாட்டு வண்டிகளும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் கூட்டமும் நிறைந்த சாலை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன், "நர்சம்மா, ஓரமா போ, வுயுந்துடப் போறே" என்றான். அவள் மணியை அடித்துவிட்டு, "நீ மொதல்ல உள்ள போய் நில்லு மாமு, நீதான் வுயுவே" என்றாள். நான் என் சைக்கிளின் சத்தத்தைத்தான் கேட்டேன். அவள் சைக்கிளில் சத்தம் இல்லை.

சுகாதார நிலையத்துக் கேட்டில் லாசர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மரம் கடலுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்றார்.

டாக்டரம்மா நரைத்த தலை, உரத்த குரல். மருந்துப் பையைக் கேரியரில் வைத்துக் கட்டச் சொன்னார். எதிரே மணலும் சரளையுமான பாதை ஒன்று சவுக்குத் தோப்பு வரை போனது.

"அந்தக் கடைசி மரம் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. இறங்காம."

ரெஜினா போனாள். நடுவில் மணல் சேர்ந்த இடத்தில் முன் சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. என் கை தானாக முன்னே நீண்டது. கேட்டில் அண்ணனும் ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் எழுந்து நின்று பெடலை மிதித்தாள், வெளியே வந்தாள். மரத்தைச் சுற்றித் திரும்பி, டாக்டரம்மாவின் செருப்புக்கு முன்னால் பிரேக் போட்டு நிறுத்தினாள்.

டாக்டரம்மா சுற்றிவந்து சைக்கிளைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"எல்லாம் சரி. இது என்ன, இப்படி மீன் நாத்தம் அடிக்குது?"

எனக்கு வியர்த்தது. ரெஜினாவுக்கு வியர்க்கவில்லை.

"நான் போவப் போற வூடு அத்தினிலயும் இதே வாசனதான் டாக்டரம்மா. சைக்கிளும் இப்பவே பயகிக்கட்டும்."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார். "உள்ள வாங்க, கையெழுத்துப் போடுங்க" என்றார்.

கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை டோல்கேட் கடை திறந்தது. நல்ல கிரீஸ் வாங்கினேன். குண்டுகளை எப்படித் திறப்பது, எப்படிக் கடுகளவாகத் திருப்புவது என்று ரெஜினாவுக்குக் காட்டினேன். ஊருக்குப் புறப்படும்போது மெல்லிசு ஸ்பேனரைச் சுருளிலிருந்து உருவி அவள் கையில் கொடுத்தேன். என் கருவி எதையும் நான் யாருக்கும் இரவல்கூடக் கொடுத்ததில்லை.

8

செல்லையாவின் சைக்கிளுக்கு அந்த ஸ்பேனர் தேவைப்படவில்லை. குண்டுகளைத் திறக்காமலே பிரித்துவிட்டோம். கவட்டைக்கு மரக்கட்டை அறுத்தபோது ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னேன். அவள் கதையை உள்ளே இருந்தபடியே கேட்டிருக்கிறாள். மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"பெரியப்பா ஏன் மணல் போட்டார்?"

"பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தார்."

"பாத்திரத்துக்கு மணலா?"

அவள் சின்ன வயதிலிருந்து பாத்திரம் தேய்த்திருக்கிறாள், சோப்புத் தூளும் தென்னை நாரும் போட்டு. மணல் போட்டுத் தேய்ப்பது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்படித்தான் பிள்ளைகள் நம்மைவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய சண்டை எதுவும் இல்லாமல், ஒரு பிடி மணலில். ஆனால் இடது பெடலை நான் சொல்லாமலே அவள் எதிர்த்திசையில் திருப்பினாள். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

செல்லையா பெடல்களைக் கோட்டில் போடலாமா என்று கேட்டார். ஆனால் தன்னிடம் கோட்டு இல்லை என்றார். ஜிப்பாவில் போட்டால் தைத்த இடம் கிழியும். ஸ்டெல்லா தன் பழைய பள்ளிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன வருடம் நான் ஊருக்கு வந்திருந்தபோது ரெஜினா எண்ணூர்க் குப்பத்திலேயே குடிவந்துவிட்டிருந்தாள். நான் போனபோது மழைக்காலம் தொடங்கும் சமயம். வாசலில் சைக்கிள், நிறம் போயிருந்தது, ஆனால் நிமிர்ந்து நின்றது. உள்ளே அடுப்பில் அதே சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் என் ஸ்பேனர்.

"இதை ஏன் போட்டிருக்கிறாய்?"

"மய வருதில்ல. சக்கரத்த தெறந்து பூட்டணும். அந்தக் கையோடவே எங்கியாவது கூப்ட்டா போவணும். அதான், ரெண்டயும் ஒண்ணா போட்டுடறது." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எடுத்துகினு போறியா அண்ணாத்தே? ஒன்னோடுதுதானே."

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஓர் ஆள் மூச்சிரைக்க வந்து நின்றான். "நர்சம்மா, எங்க வூட்ல வலி எடுத்துகிச்சு!" ரெஜினா இடுக்கியால் கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் சுற்றினாள். பையைக் கேரியரில் கட்டினாள். அந்த ஆள் முன்னால் ஓட, அவள் சவுக்கு மரங்களுக்கு நடுவே சைக்கிளில் போனாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டேன். கடல் சத்தம் மட்டும்தான் வந்தது.

ஸ்பேனரை நான் சட்டியிலிருந்து எடுத்தேன். சூட்டிலேயே உலர்ந்துவிட்டது. சுவரில் அதற்கென்று ஓர் ஆணி அடித்திருந்தாள். அதில் மாட்டினேன்.